மழையில் விரிக்காத குடை

நேற்று உங்கள் கூட்டத்துக்கு வந்தபோது வாசலில் நின்று என் குடையை மூன்று தடவை விரித்து மூன்று தடவை மடக்கினேன். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வானத்தில் பெயருக்குக்கூட ஒரு மேகம் இல்லை. உங்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்தேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், கண் இன்னும் நன்றாகத் தெரியும். கோபமில்லை. இந்த ஊரே முப்பது வருடமாக இதைப் பார்த்துச் சிரிக்கிறது. என் வீட்டுக்காரி தெருவில் என்னோடு வரும்போது பத்தடி தள்ளித்தான் நடப்பாள்.

நீங்களெல்லாம் புதிதாக டிரில் வாத்தியார் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். நாளைக்கே உங்கள் கையில் ஒரு கால்பந்து அணியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். பந்தை எப்படி உதைப்பது, யாரை எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிக்கொடுத்துவிடலாம். அதற்கு நான் தேவையில்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் கையில் குடையை வைத்துக்கொண்டே நனைந்த ஒரு வாத்தியாரைப் பற்றிச் சொல்கிறேன். அது நான்தான் என்பதால் அவனை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம்.

ஐரோப்பாவில் பெரிய சண்டை மூளுவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைக் கிளப் என்று ஓர் அணிக்கு நான் பொறுப்பு. ஆற்றுக்கு மேற்கே திருநெல்வேலி டவுனிலிருந்து ஆறு பேர், கிழக்கே பாளையங்கோட்டையிலிருந்து ஐந்து பேர். டவுன்காரர்கள் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருவார்கள். முதல் பத்து நிமிட வியர்வையில் அது போய்விடும். பாளையங்கோட்டைக்காரர்கள் மிஷன் பள்ளியில் படித்த கிறிஸ்தவர்கள். பதினொரு பேரில் ஒன்பது பேர் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தாக்கள். எல்லாருக்கும் வெறுங்கால்தான். பூட்ஸ் போட்டு ஆடுகிறவர்கள் வேறு அணிகளில் இருந்தார்கள்.

குமாஸ்தா சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆபீசை விட்டு வெளியே வர வேண்டுமானால் துரை மனம் வைக்க வேண்டும். ஜில்லா லீக்கில் மேல்வரிசையில் ஆடுகிறவர்களுக்கு மட்டும் அந்த அரைநாள் விடுப்புக் கிடைத்தது. மேல்வரிசையில் எட்டு அணிகள். பருவம் முடியும்போது எட்டாவதாக நிற்கிற அணி கீழ்வரிசைக்கு இறங்க வேண்டும். இறங்கினால் விடுப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆடலாமே என்றால் பாளையங்கோட்டைக்காரர்கள் கோவிலுக்குப் போகிற நாளில் பந்தைத் தொட மாட்டார்கள். ஆக, எங்களுக்கு வாரத்தில் இருந்தது அந்த ஒரே அரைநாள். அது போனால் கிளப் போய்விடும். இதைப் பதினொரு பேரும் அறிவார்கள். என்னைவிட நன்றாக அறிந்தவன் செல்லையா.

செல்லையாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆபீசில் நகல் எழுதுகிற தற்காலிக வேலை. வாரம் முழுவதும் குனிந்த தலை நிமிராமல் எழுதுவான். சனிக்கிழமை மைதானத்தில் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு அவன் பந்தோடு ஓடுவதைப் பார்த்தால் அதே ஆளா என்று தோன்றும். நான் வாழ்நாளில் பார்த்த முன்வரிசைக்காரர்களில் அவனைப் போல் ஒருவன் இல்லை. அப்படிப்பட்டவனை நான் பின்வரிசையில் நிறுத்தினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு ஆறுமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறுமுகம் எனக்கு ஒத்த வயதுக்காரர். டவுனில் ஒரு காலத்தில் நிலபுலத்தோடு இருந்த சைவக் குடும்பம். நிலமெல்லாம் கைமாறிப் போய், அவர் ஒரு தானியக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முதல் கேப்டன் அவர்தான். லீக்கில் சேருவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஊருக்கு வந்திருந்த ஒரு பட்டாளத்து அணியோடு சும்மா ஒரு ஆட்டம் ஆடினோம். இரண்டு கோல் பின்னால் நின்றோம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கோட்டோரத்தில் நின்று, "போ ஆறுமுகம், போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் போனார். இரண்டு பூட்ஸ் கால்களுக்கு நடுவே நுழைந்தார். அந்த எலும்பு முறிந்த சத்தம் கோட்டோரத்தில் நின்ற எனக்குக் கேட்டது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்கு வலது கால் தரையில் சரியாக ஊன்றாது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த 'போ' என்ற சொல் வாயில் வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் பையன்களைக் கைகாட்டித்தான் அனுப்புவேன்.

லீக்கில் நடுவரும் இதற்கு ஒரு வசதி செய்து கொடுத்தார். கோட்டோரத்திலிருந்து யாரும் கத்தக்கூடாது என்பது அவர் கட்டளை. கத்தினால் மைதானத்தை விட்டே அனுப்பிவிடுவார். அதனால் நான் குடையை அடையாளமாக வைத்தேன். கிளப்புக்கென்று ஒரு பழைய கறுப்புக் குடை இருந்தது. அது மடங்கியிருந்தால் எல்லாரும் பின்னால் நின்று கோலைக் காக்க வேண்டும். விரிந்தால் முன்வரிசைக்காரர்கள் தாக்கலாம். பருவம் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை விரித்துக் காட்டினேன். "இதுதாம்லே அடையாளம். கண்ணு இங்கன இருக்கட்டும்" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

அதற்கப்புறம் அதை விரிக்கவில்லை.

முதல் ஆட்டம் சமம். கோல் கிடையாது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. வென்றால் இரண்டு புள்ளி, சமமானால் ஒன்று, தோற்றால் ஒன்றுமில்லை என்பது கணக்கு. ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வீதம் சேர்த்தால் எட்டாவது இடத்துக்குப் போக மாட்டோம் என்று நான் பேப்பரில் போட்டுப் பார்த்து வைத்திருந்தேன். கணக்கு சரிதான். இப்போது போட்டாலும் சரியாகத்தான் வரும்.

நான்காவது ஆட்டத்தில் ஒரு கோல் வாங்கித் தோற்றோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. நான் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொட்டச் சொட்ட நின்றேன். விரித்தால் பையன்கள் ஓடிவிடுவார்களே! ஜனங்களுக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "குடை வாத்தியாரே, அது என்ன ஓட்டைக் குடையா?" என்று ஒருவன் கேட்பான். "இல்லவே, மாமியார் வீட்டுச் சீதனம். நனையக்கூடாதாம்" என்பான் இன்னொருவன். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். ஆட்டம் முடிந்ததும் நனைந்த குடையை அப்படியே சுருட்டி, பந்தும் காற்றடிக்கிற பம்பும் கிடக்கிற தகரப் பெட்டியில் போட்டு மூடிவிடுவேன். பெட்டியைத் தூக்கி வருவது ஆறுமுகம். கால் போன பிறகும் அவர் ஒரு சனிக்கிழமைகூட வராமல் இருந்ததில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில்தான் நான் மன்னிக்க முடியாத காரியம் செய்தேன். எதிர் அணியில் காய்ச்சல் பரவி, ஒன்பது பேர்தான் வந்திருந்தார்கள். ஒன்பது பேர்! அந்த ஒன்பது பேரிலும் இரண்டு பேருக்குக் கண் செருகிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் செல்லையா என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குடையை இன்னும் இறுக்கமாக இடுக்கிக்கொண்டேன். ஒரு வேளை நாங்கள் முன்னேறும்போது பந்தைப் பறித்து அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டால்? யாராவது காலை உடைத்துக்கொண்டால்? இந்த 'ஒரு வேளை' இருக்கிறதே, அது பிடித்தால் லேசில் விடாது. ஆட்டம் சமத்தில் முடிந்தது.

செல்லையா நேரே என்னிடம் வந்தான். முகம் சிவந்திருந்தது.

"ஒம்பது பேரு சார். ஒம்பது பேருக்கு எதிரா பதினோரு பேரு பின்னால நிக்கோம். எதுக்கு நிக்கோம்னு சொல்லுங்க."

"ஒரு புள்ளி கிடைச்சிருக்குல்லா? அது போதும்லே."

"உங்களுக்குப் போதும். நான் திங்கக்கிழமையில இருந்து சனிக்கிழமைக்காக உக்காந்து எழுதுதேன் சார். சனிக்கிழமையும் உக்கார வெச்சா நான் என்னைக்கு எந்திரிக்க?"

பதில் தெரியாதபோது வாத்தியார்கள் செய்வதைச் செய்தேன். எதிர்த்துப் பேசாதே என்று அதட்டினேன்.

ஆறாவது ஆட்டமும் சமம். ஆறு ஆட்டத்தில் ஐந்து புள்ளி. அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. எங்களுக்குக் கீழே சர்வே ஆபீஸ் அணி நான்கு புள்ளியோடு நின்றது. பாருங்கள், கடைசி ஆட்டம் அவர்களோடுதான். சமமானால் நாங்கள் தப்பிப்போம். தோற்றால் இறங்கிவிடுவோம்.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு ஒரு கவர் வந்தது. கலகம் செய்கிறவன் கல்லெறிவான், கத்துவான். எங்கள் பையன்கள் குமாஸ்தாக்கள் அல்லவா? மனு எழுதியிருந்தார்கள். 'கனம் பொருந்திய வாத்தியாரவர்கள் சமூகத்துக்கு, கீழே கையொப்பமிட்டவர்கள் மிகுந்த வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்' என்று தொடங்கியது. முன்வரிசையில் ஆடத் தெரிந்தவர்களை முன்வரிசையில் நிறுத்தாத பட்சத்தில், சனிக்கிழமை ஆட்டத்துக்கு வரச் சித்தமாயில்லை என்று முடிந்தது. கீழே ஏழு கையெழுத்து. யார் முதலில் போட்டது என்று தெரியக்கூடாதென்று வட்டமாகப் போட்டிருந்தார்கள். டவுன்காரர் நான்கு பேர், பாளையங்கோட்டைக்காரர் மூன்று பேர். செல்லையாவின் கையெழுத்து அதில் இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. அவன் கேட்பதையே நிறுத்திவிட்டான்.

எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். ஏழு பேரையும் தள்ளிவிட்டு, பதிலாட்களை வைத்து ஆடிவிடலாமா என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமை ஆபீஸ் விடுகிற நேரத்தில் மனுவை எடுத்துக்கொண்டு ஆறுமுகத்தின் தானியக் கடைக்குப் போனேன். அவர் என் பக்கம் பேசுவார் என்று நம்பிக்கை. அவர் காலுக்காகத்தானே இவ்வளவும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

அவர் மனுவை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். வாசித்துவிட்டு, "நல்ல தமிழ். நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கானுவ" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீரா எழுதச் சொன்னீரு?"

"பின்ன? பயலுவ ஒட்டுமொத்தமா கிளப்ப விட்டே போறோம்னானுவ. நான்தான் பைய உக்காத்தி வெச்சு மனு எழுதச் சொன்னேன்."

"ஆறுமுகம், உமக்குத் தெரியாதா? எவன் காலாவது ஒடிஞ்சா..."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். அவர் என்னைக் கோபித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"வே, ரெண்டு வருசமா நானும் பாக்கேன். என் காலைக் காட்டியே எல்லாரையும் கட்டிப் போடுதீரு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீரா? அன்னைக்கு நீரு 'போ'ன்னு சொல்லலைன்னாலும் நான் போயிருப்பேன். பந்து அங்கன கிடந்துச்சு, போனேன். கால் ஒடிஞ்சது என் கால். அதுக்காவ நான் அழலை. நீரு எதுக்குவே அழுதீரு?"

கடையில் இரண்டு பேர் கேழ்வரகு வாங்க நின்றார்கள். அவர்கள் எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைக்கக் குனிந்து மனுவை மடித்தேன்.

"நாளைக்குச் சமமானாலே போதும் ஆறுமுகம்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"போதும். யாரு இல்லைன்னா? நிக்க வேண்டிய நேரம் நிக்கச் சொல்லும். ஆனா குடையை விரிப்பேன்னு ஒரு வாக்குக் கொடும். பயலுவளுக்கு அது போதும்."

வாக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை மைதானத்தில் எல்லாரையும் கூட்டி, செல்லையாவை முன்வரிசையில் நிறுத்துவதாகச் சொன்னேன். "முதல்ல காத்து நிப்போம். நேரம் பாத்து விரிப்பேன். கர்த்தர் சாட்சியாச் சொல்லுதேன், விரிப்பேன்" என்றேன். டவுன்காரர்களில் ஒருவன், "எங்க சாமியையும் சாட்சிக்குச் சேத்துக்கிடுங்க சார்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பல வாரத்துக்கு அப்புறம் அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான். செல்லையா மட்டும் சிரிக்கவில்லை. குடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டு விட்டுப் பெய்தது. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது என்று பேசிக்கொண்டார்கள். மைதானத்தில் அங்கங்கே குட்டை கட்டியிருந்தது. சர்வே ஆபீஸ்காரர்களில் ஏழெட்டுப் பேருக்குப் பூட்ஸ் இருந்தது. சேற்றில் அவர்கள் ஊன்றி நின்றார்கள், நம் ஆட்கள் வழுக்கினார்கள். முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது.

இரண்டாவது பாதியில் அவர்கள் எங்களைக் கோலுக்கு முன்னால் வைத்து நெருக்கினார்கள். பந்து எங்கள் பாதியை விட்டு வெளியே போகவே இல்லை. எங்கள் கோல்காரன் ஒன்று, இரண்டு, மூன்று என்று தடுத்துக்கொண்டே இருந்தான். பின்வரிசையில் நின்ற சுப்பையாவுக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் சேற்றோடு ஓடியது. செல்லையா நடுக்கோட்டில் தனியாக நின்று என்னைப் பார்த்தான். திரும்பினான். மறுபடி பார்த்தான்.

கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே மீதி இருந்தது. அப்போது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்படியே நின்றால் கோல் விழும். பத்து நிமிடத்தில் விழலாம், இரண்டு நிமிடத்தில் விழலாம், ஆனால் விழும். அவர்கள் ஆட்களைப் பின்னுக்கு இழுக்க வேண்டுமானால் நாம் முன்னே போக வேண்டும். காத்து நிற்பதுதான் பத்திரம் என்று ஆறு ஆட்டமாக நம்பியிருந்தேன். அன்றைக்கு அந்த இடத்தில் அதுதான் ஆபத்து. எனக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் முடிவெடுத்தேன். கக்கத்திலிருந்து குடையை எடுத்தேன்.

விரியவில்லை.

கம்பியை மேலே தள்ளினேன். அசையவில்லை. ஐப்பசி மழையையெல்லாம் குடித்துவிட்டு, தகரப் பெட்டிக்குள் காற்றுப்படாமல் கிடந்து, அது உள்ளே துருப்பிடித்துப் போயிருந்தது. துணி கம்பியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். முழங்காலுக்கு நடுவே வைத்துத் தள்ளினேன். ஜனங்கள் கண்டுகொண்டார்கள். மைதானத்தைச் சுற்றி ஒரே சிரிப்பு, விசில். "விரிங்க வாத்தியாரே! தம் பிடிச்சு விரிங்க!" என்று கத்தினார்கள். வாய் திறந்து 'போ' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நடுவர் என்னை வெளியே அனுப்பியிருப்பார், அவ்வளவுதானே? சொல்லவில்லை, மறுபடியும் கம்பியைத்தான் தள்ளினேன்.

அந்தச் சத்தத்தில் சுப்பையா திரும்பிப் பார்த்தான். அவனைக் குறை சொல்லாதீர்கள். கண் இங்கன இருக்கட்டும் என்று சொன்னவனே நான்தான். என்ன அடையாளம் வருகிறது என்று பார்க்கத் திரும்பினான். அவன் திரும்பிய நேரத்தில் பந்து அவன் காலுக்குப் பக்கமாகப் போய் கோலுக்குள் விழுந்தது.

நான் குடையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஆறுமுகம்தான் வந்தார். காலை இழுத்துக்கொண்டு அந்தச் சேற்றில் ஓடி வந்து, குடையை என் கையிலிருந்து பிடுங்கினார். நுனியைத் தரையில் ஊன்றி, நல்ல காலால் மிதித்து, பலம் கொண்ட மட்டும் ஒரு தள்ளு தள்ளினார். இரண்டு கம்பி முறிந்து, துணி கிழிந்து, குடை ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம் மீதி இருந்தது பதினோரு நிமிடம். நடுவரின் கடிகாரக் கணக்கை நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பதினோரு நிமிடத்தை எப்படிச் சொல்ல? மதகைத் திறந்த மாதிரி போனார்கள். செல்லையா பந்தை வாங்கினால் அவனைச் சுற்றி மூன்று பேர், அந்த மூன்று பேரும் சேற்றில். சிரித்துக்கொண்டிருந்த ஜனங்கள் சிரிப்பை மறந்து கத்தினார்கள். ஒரு தடவை பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. ஒரு தடவை அவர்கள் கோல்காரன் எப்படியோ விரல் நுனியால் தட்டிவிட்டான். ஆனால் நம் ஆட்களுக்கும் சேர்ந்து முன்னே போய்ப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இவன் கொடுக்கிற இடத்தில் அவன் இல்லை, அவன் ஓடுகிற இடத்துக்குப் பந்து வரவில்லை. செல்லையா ஒருவன்தான் எல்லா இடத்திலும் இருந்தான். கடைசியில் அவன் மூன்று பேரைத் தாண்டி, கோல்காரனையும் தாண்டி, பந்தை உருட்டிவிட்டான். கோல் காலியாக இருந்தது. பந்து உருண்டு போய்க் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் குட்டைத் தண்ணீரில் விழுந்து நின்றது. செல்லையா அதை நோக்கிப் பாய்ந்தான், வழுக்கினான். அவர்கள் ஆள் ஒருவன் வந்து அதைத் தூக்கி அடித்தான். நடுவர் விசில் ஊதிவிட்டார்.

இறங்கிவிட்டோம்.

பையன்கள் என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் சேறும் சகதியுமாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, அந்தக் கம்பத்தில் பட்ட பந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். சுப்பையா ஒரு மூலையில் அழுதான். நான் அவனிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவனோடு சேர்ந்து நானும் அழுதேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கவலைப்படவில்லை.

அடுத்த வாரமே ஆபீசுகளில் விடுப்பை நிறுத்திவிட்டார்கள். சில மாதம் விடியற்காலையில் ஆற்று மணலில் ஆடிப் பார்த்தோம். ஒன்பது மணிக்கு மேசையில் இருக்க வேண்டியவர்கள் எத்தனை நாள் வருவார்கள்? பைய ஒவ்வொருவராக நின்றார்கள். செல்லையாவுக்கு வேலை நிரந்தரமாகி வள்ளியூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே ஆட அணி இல்லை. அவன் அப்புறம் பந்து ஆடவே இல்லை.

தம்பிகளே, எச்சரிக்கையாக இருப்பது பாவம் என்று நான் சொன்னதாக வெளியே போய்ச் சொல்லாதீர்கள். பையன்களின் காலைப் பற்றிக் கவலைப்படாத வாத்தியார் எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு நாள் தேவைப்படும் என்று எதையாவது பத்திரமாக எடுத்து வைத்திருந்தால், அதை அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். துணிச்சலும் அப்படித்தான். தேவைப்படுகிற நிமிடத்தில் கைக்கு வரும் என்று நம்பி மூடி வைத்தேன். வரவில்லை. பிறகு இருபது வருடம் பள்ளிக்கூட அணிகளை நடத்தினேன். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பத்து நிமிடமாவது பையன்களை இஷ்டப்படி முன்னே போகச் சொன்னேன். வாயைத் திறந்து சொன்னேன். ஜெயித்தோம், தோற்றோம், அது வேறு விஷயம்.

பல வருடம் கழித்து ஒரு காரியமாக வள்ளியூர் போயிருந்தேன். சந்தையில் ஒருவர் என் கையைப் பிடித்தார். தலை நரைத்து, கண்ணாடி போட்டு, குனிந்து எழுதி எழுதி முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. குரலைக் கேட்டுத்தான் செல்லையா என்று தெரிந்தது. அவன் குழந்தைகளைப் பற்றிச் சொன்னான், நான் என் மூட்டுவலியைச் சொன்னேன். பிறகு பேச்சு தானாக அங்கே போயிற்று.

"சார், அந்தப் பதினோரு நிமிசம் இருக்கே" என்றான். கண் அப்படியே மின்னியது. "இன்னைக்கும் ஆபீசுல உக்காந்து எழுதும்போது நடுவில அது வரும். அந்தக் கம்பத்துல பட்டது, அந்த மூணு பேரு, எல்லாம் வரும். அதை நினைச்சுத்தான் சார் நாளைத் தள்ளுதேன்."

அவன் நன்றி சொல்கிற மாதிரிச் சொன்னான். ஒரு பருவத்துக்கு ஏழு ஆட்டம். அதில் அவனுக்கு நான் கொடுத்தது பதினோரு நிமிடம். மீதியை என் கக்கத்தில் வைத்திருந்தேன்.

அப்போது மேற்கேயிருந்து சாரல் அடித்தது. நான் யோசிக்காமல் குடையை எடுத்தேன். ஒரே தட்டில் விரிந்தது. எங்கள் இரண்டு பேர் தலைக்கும் மேலாகப் பிடித்தேன்.

செல்லையா அண்ணாந்து குடையைப் பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான்.

"இப்ப சட்டுன்னு விரியுதே சார்" என்றான்.